மையவிலக்கா, மையவிலகா? போலி விசைக்கு வேறு பெயர் வேண்டும்

வணக்கம்.

மேல்நிலை முதலாண்டு இயற்பியல் சொற்பட்டியலில் வட்ட இயக்கப் பகுதி மட்டும் முடியாமல் நிற்கிறது. மையநோக்கு விசை, மையவிலக்கு விசை இரண்டும் பழகிய சொற்கள், அப்படியே விட்டுவிடலாம். சிக்கல் மூன்றாவதில்தான். சுழலும் மேடையில் நின்று கணக்குப் போடும்போது நாமாகச் சேர்த்துக்கொள்ளும் விசைகளுக்குப் பொதுப்பெயர் என்ன? பாடநூலில் 'போலி விசை'. பொய் விசை, கற்பனை விசை, நிலைம விசை என்றும் எழுதுகிறார்கள். ஒரு சொல் போதும், ஆனால் காரணத்தோடு வேண்டும்.

*

> இரண்டும் பழகிய சொற்கள், அப்படியே விட்டுவிடலாம்.

ஐயா, முதல் இடறலே அங்கேதான். விலகு தன்வினை, விலக்கு பிறவினை. மின்னியல் பாடத்தில் ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். அதற்கு விலக்கு விசை என்று பெயர். அதைப் படித்த பிள்ளை மையவிலக்கு விசை என்றதும், மையத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்து பொருளைத் தள்ளுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். அங்கே தள்ள ஒன்றும் இல்லை. கூடவே சுழல்பவரின் கண்ணுக்குப் பொருள் மையத்தை விட்டு விலகப் பார்க்கிறது, அவ்வளவே. பதினேழாம் நூற்றாண்டில் ஹைகென்ஸ் லத்தீனில் வைத்த பெயருக்கும் மையத்தை விட்டு ஓடுவது என்றுதான் பொருள், ஓட்டுவது என்றல்ல. ஒரு 'க்'கை எடுத்துவிட்டால் தீர்ந்தது: மையவிலகு விசை.

அந்தப் பெயருக்கு எதிரிணையாக நியூட்டன் ஆக்கியது மையநோக்கு விசை. தமிழில் அந்தச் சொல் பழுதில்லை, கையாள்வதில்தான் பழுது. அது பதவியின் பெயர், ஆளின் பெயர் அல்ல. கவணில் கயிற்றின் இழுவிசை அந்தப் பதவியில் இருக்கிறது, நிலாவுக்குப் புவியின் ஈர்ப்பு, வளைவில் திரும்பும் காருக்குச் சாலையின் உராய்வு. இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் விசைப்படத்தில் அதற்கெனத் தனி அம்புக்குறி போட்டுவிடுவார்கள். விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். 0.2 கிலோ கல், 0.6 மீட்டர் நூல், செங்குத்து வட்டம், உச்சியில் வேகம் 3 மீ/வி. நிறை பெருக்கல் வேகத்தின் இருபடி வகுத்தல் ஆரம் என்று போட்டால் வட்டத்துக்குத் தேவையான விசை 3 நியூட்டன். எடை 1.96 நியூட்டன். இரண்டுமே அந்த இடத்தில் கீழ்நோக்கி, அதாவது மையத்தை நோக்கி. ஆக நூல் தரவேண்டியது 1.04 நியூட்டன். மையநோக்கு விசையை மூன்றாவது விசையாகவும் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்கு, இழுவிசையும் எடையும் அந்த 3 நியூட்டனும் கூடி 3 நியூட்டனாக வேண்டும். இழுவிசை கழித்தல் 1.96 என்று வரும். நூல் கல்லைத் தள்ளுகிறது என்று பொருள். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்தக் கழித்தல் குறி நன்றாகவே பழக்கம். சொற்பட்டியலில் விளக்கம் எழுதும்போது, 'வட்ட இயக்கத்தில் மையத்தை நோக்கிச் செயல்படும் நிகர விசை' என்று 'நிகர' என்பதை விடாமல் எழுதுங்கள்.

இனி நீங்கள் கேட்டது. 'போலி' எனக்குப் பிடிக்கவில்லை. போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று பழகிய காதுக்கு அது ஏமாற்று. ஆய்வகத்தில் ரத்தத்தைப் பிரிக்கும் மையவிலக்கி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, அச்சிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கும் குழாய்க்குள் கணக்கில் வருவது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. சிவப்பணுக்கள் அடியில் போய் இறுகுகின்றன. இதைப் பார்த்துவிட்டு 'இது போலி' என்று எழுதச் சொன்னால் பிள்ளை எதை நம்பும்? கற்பனை விசைக்கும் பொய் விசைக்கும் இதே குறைதான்.

நிலைம விசை இன்னும் நுட்பமான பொறி. எங்கிருந்து பார்த்து அளக்கிறோமோ அது குறிப்பாயம். நியூட்டன் விதிகள் நேரடியாகச் செல்லுபடியாகும் குறிப்பாயத்தை நிலைமக் குறிப்பாயம் என்கிறோம். நிலைம விசை அங்கே இருக்காது. நிலைமமற்ற குறிப்பாயத்தில்தான் இருக்கும்! ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. அதை நாம் சுமந்துவர வேண்டியதில்லை.

என் பரிந்துரை: குறிப்பாய விசை. குறிப்பாயத்தைத் தேர்ந்ததால் வந்த விசை, குறிப்பாயத்தை மாற்றினால் போய்விடும் விசை. மையவிலகு விசை, சுழலும் மேடையில் நகரும் பொருளைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியோலிஸ் விசை, சுழற்சி வேகம் மாறும்போது வரும் ஆய்லர் விசை, பிரேக் போட்ட பேருந்தில் முன்னால் சாய்க்கும் விசை எல்லாம் இதற்குள் அடங்கும். அடையாளம் காண்பதும் எளிது: பொருளின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், மூன்றாம் விதிப்படியான எதிர்ச்செயல் இருக்காது.

இந்த இரண்டாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து திரும்பினால் முடுக்கம் 2 மீ/வி². 60 கிலோ ஆளுக்கு 120 நியூட்டன் தேவை. கம்பி தருகிறது என்று கொள்வோம். தெருவில் நிற்பவர் படத்தில் கிடைமட்டமாக ஒரே அம்புக்குறி: கம்பி ஆளை உள்பக்கம் இழுக்கும் 120. பேருந்துக்குள் இருப்பவர் படத்தில் இரண்டு: உள்பக்கம் அதே 120, வெளிப்பக்கம் மையவிலகு 120, ஆள் அசையாமல் நிற்கிறார். இந்த இரண்டையும் செயல், எதிர்ச்செயல் என்று எழுதினால் தவறு. இரண்டும் ஒரே ஆள்மேல் செயல்படுகின்றன. கம்பியின் இழுப்புக்கு எதிர்ச்செயல், ஆள் கம்பியை வெளிப்பக்கம் இழுக்கும் 120; அது கம்பிமேல் செயல்படுகிறது, எந்தக் குறிப்பாயத்திலும் இருக்கிறது. படத்தின் மூலையில் 'தெருவிலிருந்து' அல்லது 'பேருந்துக்குள்ளிருந்து' என்று முதலில் எழுத வைத்தால் பாதிப் பிழை குறையும்.

*

வணக்கம். இலங்கைப் பாடநூல் வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு மையநாட்ட விசை, மையநீக்க விசை. மேலே பதில் எழுதிய அம்மா சொன்ன தன்வினைக் கணக்கு இங்கும் பொருந்தும். நீக்கு என்பதும் பிறவினைதான், நீங்கு என்றிருக்க வேண்டும். ஆனால் பெயரை மாற்ற முன்னம் வரைவிலக்கணத்தைச் சரிபாருங்கள். 'சீரான வட்ட இயக்கத்தில் வேகம் மாறாது' என்று தமிழ்நாட்டில் எழுதினால் சரி. அதே வசனம் எங்கள் மாணவருக்குப் பிழை. எங்களுக்கு வேகம் என்றால் திசையும் சேர்ந்தது, நீங்கள் திசைவேகம் என்பது. நீங்கள் வேகம் என்பது எங்களுக்குக் கதி. முடுக்கமும் எங்களுக்கு ஆர்முடுகல். 'திசை மாத்திரம் மாறும், பருமன் மாறாது' என்று எழுதினால் இரண்டு கரையிலும் நிற்கும்.

இன்னொரு கேள்வி: மையவிலகு என்றால், வயலுக்கு நீர் இறைக்கும் பம்பை என்ன செய்வது?

*

> வயலுக்கு நீர் இறைக்கும் பம்பை என்ன செய்வது?

அதைத் தொட வேண்டாம். பம்பு நீரை வெளியே தள்ளுகிறது, மையவிலக்கி குழம்பைப் பிரிக்கிறது. அவை கருவிகள்; செய்விக்கின்றன. மையவிலக்குப் பம்பு, மையவிலக்கி இரண்டிலும் பிறவினை பொருத்தம்தான். விசைக்கு மட்டும் விலகு. கோவையில் பம்பு செய்பவர்கள் எப்படியும் 'சென்ட்ரிபியூகல்' என்றுதான் சொல்வார்கள்.

'பருமன்' பற்றிய திருத்தம் அருமை, எடுத்துக்கொள்கிறேன். ஒரு தயக்கம்: தமிழ்நாட்டில் பருமன் என்று கனஅளவையும் சொல்வதுண்டு. 'எண்மதிப்பு' என்றால் இரு தரப்புக்கும் புரியுமா?

*

எண்மதிப்பு விளங்கும்.

*

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். குறிப்பாய விசையை ஏற்றுக்கொண்டால் அடுத்த பக்கத்தில் உள்ள 'புவியீர்ப்பு முடுக்கம்' உதைக்கும்.

பாடநூலில் 9.8 என்று வரும் எண் முழுக்க ஈர்ப்பு அல்ல. நிலநடுக்கோட்டில் புவியின் ஈர்ப்பு மட்டும் சுமார் 9.814 மீ/வி². புவி சுழல்வதால் வரும் மையவிலகுப் பங்கு 0.034. கழித்தால் 9.780, ஊசலும் விழும் கல்லும் காட்டுவது இதைத்தான். துருவத்தில் 9.832. வேறுபாடு 0.052 என்றால், 0.034 போக மீதி புவி துருவங்களில் தட்டையாக இருப்பதால் வந்தது. அளவு மட்டுமல்ல, திசையும் மாறும். சென்னை அகலாங்கில் கொத்தனார் விடும் தூக்குக்குண்டு புவியின் மையத்தை நோக்கித் தொங்குவதில்லை, சுமார் 0.08 பாகை விலகும், 3 மீட்டர் உயரச் சுவருக்கு 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறத்தாழப் பாதி சுழற்சியால், மீதி புவியின் வடிவத்தால். சுவர் கோணலாகிவிடாது, கவலை வேண்டாம். செங்குத்து என்பதே தூக்குக்குண்டு காட்டுவதுதான்.

புவியளவையியலில் இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் உண்டு. நாம் இரண்டையும் ஈர்ப்பு என்கிறோம். நிறை நிறையை இழுப்பதற்கு மட்டும் ஈர்ப்பு என்று வைத்துக்கொண்டு, குறிப்பாயப் பங்கும் சேர்ந்த 9.8க்கு 'வீழ்முடுக்கம்' என்று பெயரிடலாமா? 'விழுமுடுக்கம்' என்றும் வைக்கலாம். ஆனால் விழு என்றால் சிறந்த என்றும் பொருள் இருப்பதால், விழுமியம் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

*

> 'வீழ்முடுக்கம்' என்று பெயரிடலாமா?

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: குறிப்பாயத்தைச் சொல்லாமல் அந்தச் சொல் வரக்கூடாது. விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் ஈர்ப்பு சுமார் 8.7 மீ/வி², தரையில் உள்ளதில் 88 விழுக்காட்டுக்கும் மேல். ஆனாலும் செய்திகளில் 'ஈர்ப்பு இல்லாத இடம்', கொஞ்சம் கவனமானவர்கள் எழுதினால் 'நுண்ணீர்ப்பு'. இரண்டிலும் ஈர்ப்பு காணாமல் போய்விட்டது. ஈர்ப்பே இல்லையென்றால் நிலையம் வட்டத்தில் ஏன் சுற்ற வேண்டும், தொடுகோட்டில் போயிருக்குமே! நிலையத்தின் குறிப்பாயத்தில் வீழ்முடுக்கம் கிட்டத்தட்டச் சுழி, ஈர்ப்பு 8.7 என்று எழுதினால் இரண்டும் மோதாது. நுண்ணீர்ப்புக்குப் பதில் பழைய எடையின்மையே போதும்.

பதினொன்றாம் வகுப்புப் பட்டியலில் வீழ்முடுக்கத்தை முதன்மைச் சொல்லாக வைக்காதீர்கள். தேர்வுத்தாளில் 'புவியீர்ப்பு முடுக்கம்' என்றுதான் கேட்பார்கள். அதன்கீழ் இரண்டாம் வரியில் வரட்டும். போலி விசைக்கும் அப்படியே: தேடுகிறவர் பழைய சொல்லைத்தான் தட்டச்சு செய்வார், அங்கிருந்து 'காண்க: குறிப்பாய விசை' என்று அனுப்பினால் போதும். மையவிலகுக்கு அதுகூட வேண்டாம். ஓர் எழுத்துதானே என்று அச்சுப்பிழையாக நினைத்து மெய்ப்புப் பார்ப்பவர் 'க்' சேர்த்துவிடாமல் இருந்தால் சரி. அவருக்கு ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.