உப்பைக் குறைத்தால் ரொறன்ரோ வீதிகள் தாங்குமா?

வன்னிமரம்:
பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கக் குடியிருப்புத் தெருக்களில் தூவுகிற உப்பை அடியோடு நிறுத்திவிட்டு மணல் போடவேணும் எண்டதுதான் என்ர வாதம். கணக்கைப் பாருங்கோ. ஒரு கிலோ வீதி உப்பில் 600 கிராமுக்கு மேல் குளோரைட். நீர்வாழ் உயிர்கள் நீண்டகாலம் தாங்கக்கூடிய அளவென்று கனடாவின் நீர்த்தர வழிகாட்டி வைத்திருப்பது லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட். அதாவது ஒரு கிலோ உப்பு 5000 லீற்றர் நல்ல தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். குறுகியகால எல்லை 640. பனி உருகும் நாட்களில் நகர ஓடைகள் அதையும் தாண்டிவிடுகின்றன.

வீதி உப்பு நச்சுப்பொருள் என்று மத்திய அரசின் மதிப்பீடே 2001இல் சொல்லிவிட்டது. 2004இல் வந்த நடைமுறைக் கோவையோ ஆண்டுக்கு 500 தொன்னுக்கு மேல் போடுபவர்களைத் திட்டம் எழுதச் சொல்கிறது, அதுவும் விருப்பமிருந்தால். போதாக்குறைக்கு ரொறன்ரோவின் காடினர் நெடுஞ்சாலை மேம்பாலத்தில் இருந்து கொங்கிறீட் துண்டு துண்டாய் உதிர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றது உப்புத்தண்ணிதான்.

உழவுப்பலகை:
தம்பி, ஓடைக் கணக்கு சரி. ஆனால் மணல் ஒரு துளி பனியையும் உருக்காது, பிடிமானம் மட்டும்தான் தரும். உப்புப் போடுவது முழுப் பனியையும் உருக்கவும் இல்லை. தார்ப்பரப்போடு பனி ஒட்டும் அந்த மெல்லிய அடுக்கை அறுத்துவிட்டால் மிச்சத்தை லொறியின் முன்னால் பூட்டிய பலகை வழித்துக்கொண்டு போகும். ஒட்டிப்போன பிறகு எந்தப் பலகையாலும் சுரண்ட முடியாது. 2013 டிசம்பரில் வந்த, விழுந்ததும் உறைகிற மழையை (உறைமழை) நினைத்துப் பாருங்கள். அந்தக் கண்ணாடிக்கு மேல் மணல் போட்டால் அடுத்த மழை அதையும் மூடி உறையவைத்துவிடும்.

இன்னொன்று, மணல் உப்பைவிட மூன்று நான்கு மடங்கு எடை போகும். ஒரு லொறி ஒரு சுற்றில் முடிக்கிற இடத்துக்கு மூன்று தடவை நிரப்பப் போகவேண்டும். குவியல் உறையாமல் இருக்க அதிலும் 5 வீதம் உப்புக் கலக்கத்தான் வேண்டும். வசந்தத்தில் அந்த மணல் முழுக்க வடிகால் தொட்டிகளுக்குள் கிடக்கும்.

வடதுருவத்தமிழ்:
நோர்வேயில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 0–4 மி.மீ. மணலைக் கொதிநிலைக்குக் கிட்டச் சூடாக்கிய தண்ணியோடு 70க்கு 30 என்ற அளவில் கலந்து தூவுவது. சூட்டில் மணல் பனியின் மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கிக்கொண்டு இறங்கும், உடனே அங்கேயே உறைந்து, மரம் தேய்க்கிற உப்புத்தாள் மாதிரி நிற்கும். காய்ந்த மணல் சில நூறு வாகனங்கள் போனால் ஓரத்துக்குப் பறந்துவிடும். இது நாளுக்கு ஆயிரம் வாகனம் ஓடுகிற வீதியில் பல நாள் தாங்கும். உப்பே இல்லை.

உழவுப்பலகை:
அது பனி இறுகிக் கிடக்கிற, குளிர் மாறாத வீதிக்கான வைத்தியம். ரொறன்ரோவில் காலையில் −6, மத்தியானம் +2, இரவு −8 என்று ஆடும். பகலில் அடியிலுள்ள பனி இளகினால் உங்கள் மணல் அப்படியே சேறு. தண்ணியைச் சூடாக்கும் கொதிகலனோடு அந்த லொறி மெதுவாகத்தான் போகவேண்டும். டொன் வலி பார்க்வே மாதிரி வேக நெடுஞ்சாலையில் அதைக் கற்பனை செய்து பாருங்கள். அதோடு நோர்வேயில் பிடிமானத்தில் ஒரு பங்கை ஆணி ரயர் (உலோக ஆணி பதித்த ரயர்) தருகிறது. ஒன்ராறியோவில் வடபகுதி ஆட்களுக்கு மட்டும்தான் அதற்கு அனுமதி.

வடதுருவத்தமிழ்:
ஆணி ரயரை நாங்களும் கொண்டாடவில்லை. அது தாரைச் சுரண்டித் தூசாக்குகிறது என்றுதான் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். நல்ல ஆணியில்லாத குளிர்கால ரயரே போதும்.

வன்னிமரம்:
அதைத்தான் கேட்க வந்தன் அண்ணை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் காப்புறுதியில் சின்னக் கழிவு கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். எல்லாருக்கும் சரியான ரயர் இருந்தால், மணிக்கு 40 கி.மீ.இல் போகிற தெருவுக்குக் கறுப்புத் தார் தெரியவேண்டிய அவசியம் என்ன? நான் பார்க்வேயைப் பற்றிக் கதைக்கவே இல்லை. மாகாணத்தின் வீதிப் பராமரிப்புக்கான 239/02 ஒழுங்குவிதியை எடுத்தாலும், வாகனம் குறைந்த 5ஆம் வகுப்பு வீதியில் 10 செ.மீ. பனி சேர்ந்தால் வழிக்க 24 மணி நேரம் இருக்கு. வாகனம் நிறைந்த முதல் வகுப்பில் 2.5 செ.மீ.க்கு 4 மணி நேரம். சட்டமே வித்தியாசம் பார்க்குது.

உழவுப்பலகை:
நீங்கள் சொன்ன நேரம் குவிந்த பனியை வழிப்பதற்கு. வீதி வழுக்குநிலைக்கு வந்தால் அதற்குத் தனிக் கெடு இருக்கிறது, இன்னும் குறுகியது. அந்தத் தெருவில் பாடசாலை பஸ்ஸும் அம்புலன்ஸும் போகவேண்டும், மேட்டில் நிற்கவும் வேண்டும். ரயர் கட்டாயம் வரட்டும், நான் எதிர்க்கவில்லை. ரயர் வந்தாலும் நடந்து கடக்கிற கிழவிக்கு அது உதவாது.

நீரியல்மேடை:
இரண்டு பேரும் சாலையிலேயே சண்டை போடுறீங்க. உப்பு வீணாவது வணிக வளாக பார்க்கிங்கில். சாலைக்கு ஒரு லேன் கிலோமீட்டருக்கு 130 கிலோ போட்டால், 3.5 மீட்டர் அகலத்துக்கு சதுர மீட்டருக்கு 37 கிராம் வருது. அதே அளவில் 20 கிலோ மூட்டை ஒன்று 540 சதுர மீட்டருக்கு வரணும். 6க்கு 12 மீட்டர் இருக்கிற வீட்டு டிரைவ்வேக்கு மூன்று கிலோ கூட வேண்டாம். அரை மூட்டையைக் கொட்டிட்டு, காலையில் செருப்புக்கடியில் நறநறன்னு கேட்டால் "நல்லா போட்டிருக்கு"ன்னு திருப்தி. நறநறன்னா அது கரையாத உப்பு, அதாவது வீண்.

பார்க்கிங்கில் பனி அகற்றுகிற ஒப்பந்தக்காரர் ஏன் கொட்டுகிறார்? யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு அவர் மேலும் வரும். பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் அறிவிப்பு தரணும்னு ஒண்டாரியோ 2021இல் கொண்டுவந்தது ஓரளவு உதவி. நியூ ஹாம்ப்ஷயர் 2013லேயே இன்னும் ஒரு படி போனது. பயிற்சி முடித்து, போட்ட அளவைப் பதிவு செய்கிற ஒப்பந்தக்காரருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஒண்டாரியோவில் உள்ள வாட்டர்லூ வட்டாரம் பெரும்பாலும் கிணற்று நீரைக் குடிக்கிற ஊர், அங்கே இது ஓடையோட பிரச்சினை மட்டும் இல்லை. குடிநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தாண்டினாலே சுகாதார அதிகாரிக்குச் சொல்லியாகணும்.

உழவுப்பலகை:
பார்க்கிங் விசயத்தில் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். வீதியிலும் குறைக்க இடம் இருக்கிறது, ஆனால் மணலால் இல்லை, உப்புக் கரைசலால். பனி விழ முதலே 23.3 வீதக் கரைசலை லேனுக்குக் கிலோமீட்டருக்கு 100 லீற்றர் அளவில் கோடு கோடாக விடுவது. அதில் இருப்பது 27 கிலோ உப்புத்தான். ஒட்டுதலைத் தடுக்க அது போதும். 130 கிலோ காய்ந்த உப்பு பிறகு வந்து செய்கிற வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். கோடாக விடுவது ஏனென்றால், முழுக்க நனைத்தால் பிடிமானம் குறையும்.

1000 லீற்றர் தண்ணிக்கு ஏறக்குறைய 300 கிலோ உப்பு. அடர்த்திமானியில் 1.18 காட்டவேண்டும். "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது" என்று சிலர் 26 வீதத்துக்குக் கொண்டுபோவார்கள். 23.3இல் −21 வரை உறையாத கரைசல், 26இல் பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே பளிங்காகப் படிந்து குழாய்முனையை அடைத்துவிடும். காய்ந்த உப்பையும் தூவும்போது தொன்னுக்கு 30–40 லீற்றர் கரைசலால் நனைத்தால் துள்ளி ஓரத்துக்குப் போகாது.

வன்னிமரம்:
அப்ப ஒவ்வொரு முன்னறிவிப்புக்கும் லொறி ஓடும், பனி வராவிட்டால் 27 கிலோ சும்மா ஓடைக்கு. உறைமழைக்கு முதல் விட்டால் மழை கழுவிக்கொண்டு போகாதா?

உழவுப்பலகை:
கழுவும். அதனால் மழையில் தொடங்கி உறையும் என்று தெரிந்தால் விடக்கூடாது. தார் −9க்குக் கீழே இருந்தாலும் கூடாது. பலத்த காற்றில் பொடிப்பனி பறக்கிற திறந்த வெளியிலும் கூடாது. காய்ந்த தாரில் பறந்து போகிற பனியை ஈரமாக்கிப் பிடித்து வைத்துவிடும். இந்த மூன்றையும் பாராமல் விடுகிறவர்களால்தான் கரைசலுக்குக் கெட்ட பெயர்.

வடதுருவத்தமிழ்:
அவர் சொல்வது தாரின் வெப்பநிலை, கைப்பேசியில் வருகிற காற்றின் வெப்பநிலை இல்லை. தெளிந்த இரவில் பாலத்தின் மேல்தளம் காற்றைவிடப் பல பாகை குளிர்ந்திருக்கும், மார்ச் மத்தியான வெயிலில் தலைகீழ். லொறிக் கண்ணாடியில் பொருத்தும் அகச்சிவப்பு உணரி இல்லாமல் அளவு தீர்மானிப்பது குருட்டு வேலை. −1இல் ஒரு கிலோ உப்பு 46 கிலோ பனியை உருக்கும், −7இல் 9 கிலோவுக்கும் கீழே, −12இல் 5 கிலோ.

நீரியல்மேடை:
அப்போ −15க்கு என்ன செய்வீங்க, சார்? கால்சியம் குளோரைடா? அதுவும் குளோரைடுதான். மக்னீசியம்னா சிமென்டையே தாக்கும். பீட்ரூட் சாறு கலந்தால் ஒட்டும், ஆனால் ஓடையில் ஆக்ஸிஜனைத் தின்னும்.

உழவுப்பலகை:
−15இல் குடியிருப்புத் தெருவுக்கு உப்பே வேண்டாம். வழித்துவிட்டு, மேட்டிலும் சந்தியிலும் பஸ் தரிப்பிடத்திலும் மட்டும் மணல்.

வன்னிமரம்:
அதைத்தானே முதல் பதிவில் எழுதினன்!

உழவுப்பலகை:
நீங்கள் எழுதியது குளிர்காலம் முழுக்க, எல்லாத் தெருவுக்கும். நான் சொல்வது வருசத்தில் சில நாள், தெருவில் சில இடம். ஏப்ரலில் மணல் நிறைந்த வடிகால் தொட்டிகளை உறிஞ்சித் துப்புரவாக்கும் வண்டிக்கான செலவையும் உங்கள் திட்டத்தில் எழுதுங்கள், பிறகு கதைப்போம்.