மிட்டாய்க்கு வரும் பிள்ளைகள், முட்டை எறியும் பிள்ளைகள்: ஹாலோவீன் அனுபவப் பகிர்வு

எடிசன், நியூ ஜெர்சி

ஹாலோவீன் தொல்லையா வேடிக்கையா என்று கேட்கிறவர்கள் இரண்டு ராத்திரிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வீட்டிலும் காரிலும் முட்டை எறிவது, மரத்தில் டாய்லெட் பேப்பர் சுற்றுவது, ஷேவிங் க்ரீம் பூசுவது எல்லாம் இங்கே பெரும்பாலும் அக்டோபர் 30 ராத்திரி சமாச்சாரம். அதற்கு மிஸ்சீஃப் நைட் என்று தனிப் பெயரே உண்டு. வடக்கே பெர்கன் கவுண்டிப் பக்கம் கேபேஜ் நைட் என்பார்கள். கைவரிசை காட்டுவது பெரும்பாலும் ஹைஸ்கூல் வயசு. 31தான் ஹாலோவீன். அன்று சாயங்காலம் வேஷம் போட்டு, மிட்டாய் கேட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டுவது வேறு கூட்டம்: இடுப்புயரப் பிள்ளைகள், நாலடி பின்னால் காபியும் கையுமாக அப்பா அம்மா.

இந்த இரண்டாவது கூட்டத்துக்கு ஒரே விதிதான். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக்கூடாது. மோஷன் சென்சார் விளக்கு வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குப் போகிற பிள்ளையைப் பார்த்து இங்கே விளக்கு எரியும், பிள்ளையும் நேரே இங்கே திரும்பிவிடும். அன்றைக்கு மட்டும் சென்சாரை அணைத்துவிடுங்கள். கைக்குழந்தை தூங்குகிற வீடா, வீடியோ காலிங் பெல்லில் உள்ளே அடிக்கும் சத்தத்தை மட்டும் ஆப்பில் நிறுத்தினால் போதும்.

மிட்டாய்க் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனால் முதலில் வரும் பெரிய பையன்களோடு அது காலி. வைத்தே ஆக வேண்டுமென்றால் இருபது இருபதாக வையுங்கள். அதைவிட டிரைவ்வே (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதை) முனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம். பெல் அடிக்காது, நாய் குரைக்காது, தரை புரளும் உடுப்போடு யாரும் படியேறித் தடுக்கி விழவும் மாட்டார்கள். ஆறிலிருந்து எட்டு, எட்டரை வரை. அப்புறம் விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான்.

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

30ஆம் தேதியை முட்டையோடு முடித்துவிட்டீர்களே சார். இங்கே அதன் பெயர் டெவில்ஸ் நைட். 1984இல் ஹாலோவீனை ஒட்டிய மூன்று நாளில் டெட்ராய்ட்டில் 800க்கும் மேல் தீ வைப்புகள். ஆளில்லாமல் கிடந்த வீடுகளும் குப்பைத் தொட்டிகளும்தான் இலக்கு. 1994இல் மறுபடி மோசமாகப் போகவே, 1995 முதல் ஏஞ்சல்ஸ் நைட் என்று பெயரை மாற்றி ஊர்க்காரர்களையே ஆயிரக்கணக்கில் ரோந்துக்கு இறக்கினார்கள். காரின் மேல் சுழலும் மஞ்சள் விளக்கு, சிறுவர்களுக்கு ஊரடங்கு, அந்த நாட்களில் கேனில் பெட்ரோல் விற்கத் தடை, காலி வீடுகளுக்குப் பலகை அடிப்பு, எல்லா வீட்டிலும் வாசல் விளக்கு. போலீஸை மட்டும் கூட்டியிருந்தால் இது அடங்கியிருக்காது என்பது என் கட்சி.

மின்னசோட்டாவின் அனோகா ஊர் இதை 1920லேயே பிடித்துவிட்டது. ராத்திரியில் மாட்டை அவிழ்த்துத் தெருவில் விடுகிற பையன்களுக்கு ஊர்வலமும் தின்பண்டமும் கொடுத்து இழுத்தார்கள். அந்த ஊர்வலம் இன்றும் நடக்கிறது.

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

வரலாறு இருக்கட்டும், காரில் முட்டை விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வண்டி துடைத்துப் பாலிஷ் போடுவதே என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெந்நீர் கூடவே கூடாது. வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இறுக ஆரம்பிக்கும். கொதிநீரை ஊற்றுகிறவர் தன் பானட்டிலேயே ஆம்லெட் போடுகிறார். அடுத்த தப்பு, பார்த்த வேகத்தில் துணியால் தேய்ப்பது. பெயிண்டைக் கீறுவது கருவில்லை, ஓட்டுச் சில்லு. முதலில் ஹோஸை மெதுவாகத் திறந்து சில்லை எல்லாம் மேலிருந்து கீழே ஓட விடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பூ கலந்து, பழைய டவலை அதில் நனைத்துப் பிழியாமல் கறை மேல் போர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். எடுக்கும்போது தேய்க்காமல் உருட்டி எடுங்கள். போகாவிட்டால் திரும்பவும் அதே ஊறல். பொறுமைதான் இதில் பாதி வேலை. பாத்திரம் கழுவும் சோப்பும் வேலை செய்யும், ஆனால் மெழுகுப் பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும், மறுபடி வேக்ஸ் போட வேண்டியிருக்கும்.

ராத்திரி விழுந்ததை விடியுமுன் கழுவினால் பெரும்பாலும் தடமே இருக்காது. டெக்சாஸ் வெயிலில் மத்தியானம் வரை விட்டால் காய்ந்து, பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற பளபளப்புப் பூச்சைப் பிடித்துக்கொள்ளும். கழுவிய பிறகும் வட்டமாக மங்கல் தெரிந்தால் பாலிஷிங் காம்பவுண்ட். விரல் நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் பெயிண்ட் ஷாப்தான். தண்ணீர் ஊற்றுமுன் போட்டோ எடுத்து வையுங்கள். காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸில் இது வரும்தான், ஆனால் டிடக்டிபிள், அதாவது முதலில் நம் கையிலிருந்து போடும் பணம், 500 டாலர் என்றால் கேட்டுப் பயனில்லை.

வீட்டுச் சுவருக்கு வேறு கணக்கு. வினைல் சைடிங்கை (சுவருக்கு வெளியே அடிக்கும் பிளாஸ்டிக் பலகை) கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு வழிந்த கோடுகள் தங்கிவிடும். செங்கல் என்றால் பிரஷர் வாஷரைத் தொடாதீர்கள். கருவை உள்ளே தள்ளும், பழைய சுவராக இருந்தால் பூச்சையும் பெயர்க்கும். சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், நிறைய அலசல். வினிகரைச் சுண்ணாம்புக்கல், மார்பிள் பக்கம் கொண்டே போகக்கூடாது. கறை போகும், கூடவே கல்லும் அரிக்கும்.

எடிசன், நியூ ஜெர்சி

டாய்லெட் பேப்பருக்கும் அவசரம் உண்டு. பனி இறங்குமுன் காய்ந்த நிலையில் இழுத்தால் முழம் முழமாக வரும். நனைந்துவிட்டால் விட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு நீளக் கம்பும், இலையை ஊதித் தள்ளும் லீஃப் ப்ளோவரும். ஹோஸ் அடித்தால் கூழாகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். லைட்டர் வைத்து எரித்துவிடலாம் என்று கிளம்புகிற புத்திசாலிகளும் உண்டு. காய்ந்த மேப்பிள் இலைக்குக் கீழே நின்றுகொண்டு! குறும்புக்காகப் புல்வெளியில் பிளாஸ்டிக் ஃபோர்க் குத்தியிருந்தால் புல் வெட்டுமுன் ரேக்கால் வாரிவிடுங்கள். முறிந்த பல்லை வெட்டும் இயந்திரம் தூக்கி அடிக்கும்.

ஸ்கார்பரோ, டொராண்டோ

எல்லாரும் காரைப் பற்றியே கதைக்கிறியள், பிள்ளையளைப் பற்றிச் சொல்லுங்கோ. இனிப்புக்குள்ள ஊசி, நஞ்சு எண்டு சனம் வருசா வருசம் பயப்பிடுது. ஜோயல் பெஸ்ட் எண்ட சமூகவியலாளர் 1958 தொடக்கம் வந்த செய்தியளைத் தோண்டிப் பாத்தவர். முன்பின் தெரியாத ஆள் குடுத்த இனிப்பால ஒரு பிள்ளை செத்ததெண்டு உறுதியான ஒண்டும் அவருக்குக் கிடைக்கேல்லை. 1974இல டெக்சாஸில நடந்தது, தகப்பன் காப்புறுதிக் காசுக்காகத் தன்ர மகனுக்கே சயனைட் குடுத்தது.

உண்மையான ஆபத்து றோட்டு. அமெரிக்காவில 1975இல இருந்து 2016 வரைக்குமான விபத்துக் கணக்கை வைச்சு ஒரு ஆய்வு வந்தது. ஒரு கிழமை முன்னையும் பின்னையும் வாற இதே பின்னேரங்களோட ஒப்பிட்டா, ஹாலோவீன் அண்டைக்கு நடந்து போறவை வாகனம் அடிச்சுச் சாகிறது 43 சதவீதம் கூட. நாலு வயசில இருந்து எட்டு வயசுப் பிள்ளையளுக்குப் பத்து மடங்கு. பையைக் கொட்டி ஒவ்வொரு இனிப்பா வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிற அம்மாமார், றோட்டுக் கடக்கேக்க பிள்ளையின்ர கையை விட்டிடுவினம்.

முகமூடி வேண்டாம், பக்கம் தெரியாது. முகத்தில சாயம் பூசுங்கோ. கறுப்பு உடுப்பெண்டா முதுகிலயும் பையிலயும் ஒளி தெறிக்கிற டேப் ஒட்டுங்கோ. இஞ்ச குளிர், அதால உடுப்பை ஒரு அளவு பெரிசா வாங்கினா ஜக்கெற்றுக்கு மேலால போடலாம், ஆனா நிலத்தில இழுபடக் கூடாது. ஒரு பக்க வீடுகளை முடிச்சிட்டு மற்றப் பக்கம் போங்கோ, இஞ்சாலயும் அங்காலயும் பாயாதேங்கோ.

சன்னிவேல், கலிஃபோர்னியா

2024இல் தீபாவளியும் 31ஆம் தேதியே வந்தது. வாசலில் அகல் ஏற்றினால் "வரலாம்" என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள், மிட்டாய் வாங்காத வீடுகள் திண்டாடும். இப்படி இரண்டும் சேர்ந்து வரும் வருஷத்தில் தரையில் எண்ணெய் விளக்கு வேண்டாம், பாலியஸ்டர் அங்கி சட்டென்று பற்றிக்கொள்ளும். பேட்டரி அகல் வையுங்கள், நிஜ அகலைப் பூஜை அறையில் ஏற்றுங்கள்.

வீட்டு முறுக்கு, அதிரசம் ஆசையாகக் கொடுப்பதும் வீண். கடையில் ஒட்டிய உறை இல்லாததைப் பெற்றோர் அப்படியே குப்பையில் போடுவார்கள். கடலை மிட்டாய் வேண்டவே வேண்டாம், வேர்க்கடலை ஒவ்வாமை இங்கே சாதாரணம். கடலை சேர்ந்த ஸ்னிக்கர்ஸ், ரீஸஸ் சாக்லேட்டுகள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்தால் தின்பண்டம் அல்லாததும் உண்டு என்று அர்த்தம். ஸ்டிக்கர், பென்சில், ஒளிரும் வளையல் போதும். வாங்கி வந்ததை நாய்க்கு எட்டாமல் வையுங்கள், சாக்லேட் அதற்கு விஷம்.

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதினைந்து வயசுப் பையன் வேஷம்கூடப் போடாமல் ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறானே, அதையும் வேடிக்கை என்பீர்களா? வர்ஜீனியாவில் செசபீக் நகரம் பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்டவர்கள் மிட்டாய் கேட்டுப் போனால் சிறை என்றே சட்டம் வைத்திருந்தது. 2019இல்தான் வயசைப் பதினான்காக்கிச் சிறையை எடுத்தார்கள்.

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

ஒரு மிட்டாய் கேட்கிறவன் தலையில் சட்டத்தைப் போடுவதா? அயோவாவின் டி மொயினில் ஜோக் சொன்னால்தான் மிட்டாய். பெரிய பையனிடமும் அதையே கேளுங்கள், சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான்.

நான் தடுக்க நினைப்பது பெல்லை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டை மட்டும்தான். எறிந்த முட்டையைக் கழுவிவிடலாம். இங்கே கதவுக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கிறது. 1992இல் லூயிசியானாவின் பேட்டன் ரூஜில் ஹாலோவீன் பார்ட்டிக்கு வேஷத்தோடு வந்த பதினாறு வயசு ஜப்பானிய மாணவன் வீடு மாறி பெல் அடித்தான், சுட்டுக் கொன்றார்கள். 2025இல் ஹூஸ்டனில் பெல் அடித்து ஓடிய பதினோரு வயசுச் சிறுவனுக்கும் அதே கதி. விளக்கு அணைந்த வீட்டுப் படியை மிதிக்கக்கூடாது என்று உங்கள் பிள்ளைகளிடம் 30ஆம் தேதி காலையிலேயே சொல்லிவையுங்கள்.