தம்பி தனியாக அலாஸ்கா காட்டுக்குப் போகிறான், வழி சொல்லுங்கள்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் படிக்கும் என் தம்பி ஜூலையில் ஸ்டாம்பீட் பாதையில் தனியாக நடக்கப் போகிறானாம். அந்தக் காட்டில் தனியாக வாழப் போன அமெரிக்க இளைஞர் கிறிஸ் மெக்கான்ட்லெஸ் 1992-ல் இறந்துகிடந்த பழைய பேருந்தையே 2020-ல் ஹெலிகாப்டரில் தூக்கிப் போய்விட்டார்கள், அப்புறம் அங்கே என்னடா இருக்கு என்று கேட்டால், "யாருமே இல்லண்ணா, அதுதான் வேணும்" என்கிறான். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. பயமெல்லாம் அந்தப் பாதையில் குறுக்கிடும் டெக்லானிகா ஆற்றை நினைத்துத்தான். ஏப்ரலில் கடந்துபோன மெக்கான்ட்லெஸ், ஜூலையில் பனியாறு உருகிப் பெருகிய வெள்ளத்தால் திரும்ப முடியாமல் நின்றார், பிறகு அதே ஆற்றில் இரண்டு பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். தம்பி அனுப்பிய படத்தில் கூடாரம், அரிசி, கரடி ஸ்பிரே எல்லாம் வரிசையாக இருக்கிறது, சாட்டிலைட் கருவி மட்டும் இல்லை.

அங்கே நடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தனியாள் அந்த ஆற்றில் இறங்கலாமா? சிக்னல் இல்லாத இடத்திலிருந்து உதவி கேட்க எந்தக் கருவி நல்லது, வாடகைக்குக் கிடைக்குமா? 12 நாள்தான் இருக்கிறது.