கிறிஸ்துமஸ் லீவில் சிங்கப்பூரிலிருந்து காரில் மலேசியா: அம்மாவும் வருகிறார், எல்லையில் எவ்வளவு நேரம் ஆகும்?

நங்கநல்லூர் சுமதி

வணக்கம். போய் வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். என் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார் (இந்திய பாஸ்போர்ட், அங்கே பிஆர், அதாவது நிரந்தரவாசி). டிசம்பர் 20 ராத்திரி சென்னையிலிருந்து நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா ஐந்து பேரும் போகிறோம். அம்மாவுக்கு எப்படியாவது பத்துமலை முருகனைப் பார்த்துவிட வேண்டும். அண்ணனிடம் ஏழு பேர் உட்காரும் வண்டி இருக்கிறது. அண்ணி வேலை இருப்பதால் வரவில்லை.

25 வெள்ளி காலை கிளம்பி, மலாக்காவில் ஒரு இரவு, கோலாலம்பூரில் ஒரு இரவு, 27 ஞாயிறு சாயங்காலம் சிங்கப்பூர் திரும்புவதாகத் திட்டம். அன்று ராத்திரி 11 மணிக்கே சென்னை விமானம். டிக்கெட் போட்டாயிற்று, விசா இன்னும் போடவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் கூட்டம் இருக்கும் என்று அண்ணன் சொல்கிறார். எவ்வளவு என்று கேட்டால் "அது அன்னிக்கு நம்ம அதிர்ஷ்டம்" என்கிறார். அதிர்ஷ்டத்தை நம்பி அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது?

உட்லண்ட்ஸ் மணி

மேடம், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 27-ஆம் தேதியை மாற்றுங்கள். கிறிஸ்துமஸ் வெள்ளியில் வருகிறது, அதனால் மூன்று நாள் லீவு. போன பாதிப் பேர் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவார்கள். நீங்கள் அதே வரிசையில் நின்றுகொண்டு 11 மணி விமானத்தை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ராத்திரி எட்டு மணிக்குள்ளாவது விமான நிலையத்தில் இருக்க வேண்டாமா?

லீவு நாட்களில் காரில் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேரிடும் என்று சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையே சொல்லியிருக்கிறது. உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சோதனைச்சாவடிகளையும் சேர்த்து ஒரே நாளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கடந்த நாட்கள் உண்டு. வெள்ளி காலை கிளம்புவதும் அதே தப்புதான்.

ஒரு சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். உட்லண்ட்ஸ் பாலம் மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான். நடந்தால் கால் மணி நேரம். அதைத் தாண்ட எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வண்டி ஒரு கார் நீளம் நகரும், நிற்கும். என் பையன் பின்சீட்டில் "அப்பா, வருது" என்றான். இறங்க வழியில்லை. கடைசியில் காலி தண்ணீர் பாட்டில்தான் கைகொடுத்தது. எட்டு வயதுப் பையனுக்கு அது சரி, அம்மாவுக்கு?

மடிப்பாக்கம் ரவி

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். எல்லையை எதற்கு இரண்டு தடவை தாண்ட வேண்டும்? கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது. பத்துமலை தரிசனம் முடித்து அங்கிருந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். அண்ணன் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பட்டும், அவருக்கு இதெல்லாம் பழக்கம்தான். நாங்கள் போன வருடம் இப்படித்தான் செய்தோம்.

நங்கநல்லூர் சுமதி

ரவி சார், நல்ல யோசனைதான். ஆனால் மலிவு டிக்கெட், ரத்து செய்தால் பைசா வராது. ஐந்து பேருக்குப் புதிதாகப் போடக் கட்டுப்படியாகாது. முன்பே கேட்டிருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் மணி

சரி, அப்படியானால் கிளம்புவதை இரண்டு நாளும் திரும்புவதை ஒரு நாளும் முன்னால் தள்ளுங்கள். 23 புதன் காலை அலுவலக நெரிசல் அடங்கிய பிறகு, பத்தரை பதினொன்றுக்குக் கிளம்புங்கள். 26 சனி விடிகாலையில் கோலாலம்பூரை விட்டுப் புறப்பட்டால் மதியத்துக்குள் எல்லைக்கு வந்துவிடலாம். ஞாயிறு பகல் முழுக்க அண்ணன் வீட்டில் ஓய்வு. இரண்டு நாட்டிலும் பள்ளி விடுமுறைக் காலம்தான், பாலம் காலியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை எல்லையில் மூன்று மணி நேரம் ஆனாலும் உங்களுக்கு ஒன்றும் போகாது.

மலாக்கா, கோலாலம்பூர் போகிறவர்களுக்கு உட்லண்ட்ஸ் வழி எதற்கு? 1998-ல் திறந்த துவாஸ் பாலம் வழியாகப் போங்கள். எல்லையை ஒட்டிய ஜோகூர் பாரு ஊருக்குள் மாட்டாமல் நேரே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். சுங்கம் கொஞ்சம் கூட, போகட்டும். கிளம்பும் முன் இரண்டு பாலங்களின் நேரலைக் கேமராவையும் அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மா விஷயம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்கில் இன்னொரு தடவை. வந்தாலும் வராவிட்டாலும் போகச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் போய்விட்டால் கவலையில்லை, மாச்சாப், பாகோ இரண்டு இடத்திலும் ஓய்விடம் உண்டு. இன்சுலின், மாத்திரை எல்லாம் டிக்கியில் வேண்டாம், மடியில் இருக்கட்டும். சின்ன டப்பாவில் தயிர்சாதமும். வரிசை நீண்டால் சாப்பாட்டு நேரம் தவறும், சர்க்கரைக்காரர்களுக்கு அதுதான் ஆபத்து.

பாரிமுனை விசாக்காரர்

பன்னிரண்டு வருடமாக விசா வேலைதான் பார்க்கிறேன், அதனால் காகிதக் கதையை நான் சொல்கிறேன்.

இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை மலேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம், நீங்கள் தப்பித்தீர்கள். ஆனால் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஒன்று, குழந்தைக்கும் உண்டு. அண்ணன் பிஆர்தான், குடிமகன் இல்லை, அதனால் அவருக்கும் வேண்டும். அவருடைய மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகவில்லையே என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் விசா கைக்கு வந்ததும் எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தைப் பாருங்கள். 'பல முறை' என்று இருக்க வேண்டும். ஒரு முறைதான் என்றால் மலேசியா போன பிறகு திரும்பி உள்ளே விட மாட்டார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது நிரப்பும் வருகை அட்டை அந்த ஒரு நுழைவுக்குத்தான். சனிக்கிழமை காரில் திரும்புவதற்கு நீங்கள் ஐந்து பேரும் புதிதாக நிரப்ப வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு நாட்டு அட்டையும் இலவசம். காசு கேட்கும் தளத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டுகளில் ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா? குறிப்பாகப் பிள்ளைகளுடையது. அவர்களுக்கு ஐந்து வருடம்தான் கொடுப்பார்கள்.

அடையாறு வாசு

இவ்வளவு கஷ்டத்துக்கு வடபழனி முருகன் என்ன குறைந்துவிட்டார்?

உட்லண்ட்ஸ் மணி

வாசு சார், நீங்களே அந்த அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள் :)

அண்ணனுக்கு நான்கு வரி. சிங்கப்பூர் வண்டி வெளியே போகும்போது டாங்க் முக்கால்வாசிக்குக் குறையக் கூடாது, முள் கீழே இருந்தால் அபராதம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மலேசியாவில் மஞ்சள் கைப்பிடி பம்ப் ரான் 95 பெட்ரோல், வெளிநாட்டு வண்டிக்குப் போடக் கூடாது, ரான் 97 போட வேண்டும். வி.இ.பி. (வெளிநாட்டு வண்டிக்கான மலேசிய நுழைவு அனுமதி) ஒட்டி இருக்கிறதா? 2025 ஜூலையிலிருந்து இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். சுங்கம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு வண்டியில் பத்து பேர் வரை ஒரே க்யூஆர் குறியீட்டில் கடக்கலாம். நீங்கள் இதே பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே விமானத்தில் நுழைந்திருப்பீர்கள் என்பதால் உங்களுக்கும் அது செல்லும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ செயலியில் முந்தின ராத்திரியே செய்து வையுங்கள்.

பத்துமலையில் 272 படி. அம்மா ஏற முடியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். 140 அடி முருகன் கீழேதான் நிற்கிறார், வண்டியை விட்டு இறங்கியதும் பார்த்துவிடலாம்.

நங்கநல்லூர் சுமதி

விசாக்காரர் சார், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பீரோவைத் திறந்து பார்த்தேன். பெரியவளுடையது சரி. சின்னவனுடையது 2027 மே மாதம் முடிகிறது. டிசம்பரிலிருந்து எண்ணினால் ஐந்து மாதம்தான் வருகிறது. விசா போட்ட பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

பாரிமுனை விசாக்காரர்

விசா அந்தப் பாஸ்போர்ட் எண்ணில் வரும். அதனால் முதலில் புதுப் பாஸ்போர்ட், அதன் பிறகே பையனுக்கு விசா. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையங்கள் மூன்றில் எங்கே சீக்கிரம் நேரம் கிடைக்கிறதோ அங்கே போடுங்கள். விண்ணப்பத்தோடு தரும் அனுபந்தப் படிவத்தில் பெற்றோர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இன்னும் நாள் இருக்கிறது, பதறாதீர்கள்.

நங்கநல்லூர் சுமதி

தாம்பரத்தில் வியாழன் காலை 10.15 கிடைத்துவிட்டது. கணவர் லீவு சொல்லிவிட்டார். அண்ணனிடம் 23 புதன், துவாஸ், 26 சனி திரும்புவது என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். வி.இ.பி. பற்றிக் கேட்டதற்கு மட்டும் "பார்க்கிறேன்" என்றார். அந்தப் "பார்க்கிறேன்" எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்கிறேன். அம்மாவிடம் 272 படி என்று சொன்னேன். "மெதுவா ஏறிக்கலாம்" என்கிறார்.