தான செட்டில்மென்ட்டாக எழுதிய வீட்டை அப்பா திரும்பப் பெற முடியுமா?

கேள்வி (குடியாத்தம்):
கைத்தறி நெசவு செய்து கட்டிய வீட்டை அப்பா 2019-இல் அண்ணனுக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுத்தார். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக அண்ணன் வாயால் சொன்னாரே தவிர, பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இப்போது மாத்திரைக்குக்கூட அவர் பணம் தருவதில்லை. பத்திரத்தை ரத்து செய்ய வழியுண்டா?

பதில் (காட்பாடி):
உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, குடியாத்தம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் அப்பாவின் பெயரிலேயே மனு கொடுங்கள். நிபந்தனை எழுதப்படாதது இடறல்தான். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொத்து எழுதப்பட்டது என நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பு காட்டியது. ஆனால் 2025 ஜனவரியில், தாய் எழுதிய தானப் பத்திரத்தோடு மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்துப் படித்து, இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, அந்தத் தானத்தை ரத்து செய்தது. ஆகவே அண்ணன் கைப்பட எழுதிய கடிதமோ, வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பதில் (வேலூர்):
அதே மனுவில் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையையும் கேளுங்கள். சட்டம் குறித்த உச்சவரம்பு ரூ.10,000. வில்லங்கச் சான்றும் உடனே எடுத்துப் பாருங்கள், ஏனெனில் வீடு இதற்குள் மூன்றாமவருக்குக் கைமாறியிருந்தால் வழக்கு மிகவும் சிக்கலாகிவிடும். முதியோர் உதவி எண் 14567-லும் வழிகாட்டுவார்கள்.