பிரெட் மெஷினில் கோதுமை பிரெட் நடுவில் குழி விழுகிறது, தண்ணீரைக் குறைக்கலாமா?

மதுரைவாசி:
வணக்கம். மைதா இல்லாமல் முழுக் கோதுமை பிரெட் வீட்டிலேயே சுட வேண்டும் என்றுதான் மெஷின் வாங்கினோம். மில்லில் அரைத்த கோதுமை மாவு 400 கிராம், குழாய்த் தண்ணீர் 300 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரையும் எண்ணெயும் 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். மாவு மூடி வரைக்கும் அழகாக எழும்புகிறது, ஆனால் சுட்டு முடித்துத் திறந்தால் நடுவில் குழி, அதற்குக் கீழே பிசுபிசுவென்று ஈரம். ஈஸ்ட் புதியதுதான். தண்ணீர் அதிகமோ?

அடுப்படி:
தண்ணீரில் கை வைக்காதீர்கள். நம் கோதுமை மாவு கல்லில் நைஸாக அரைபடுவதால் மைதாவைவிட நிறைய தண்ணீர் இழுக்கும், 400 கிராமுக்கு 300 மில்லி ஒன்றும் அதிகமில்லை. மூடி வரைக்கும் எழும்பி அப்புறம் அமுங்குகிறது என்றால் மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வெயிலில் 7 கிராம் ஈஸ்ட் ரொம்ப அதிகம், 3 அல்லது 4 கிராம் போதும். மதியத்தில் உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும், அதனால் ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள், மெஷின் பிசையும்போதே மாவு சூடேறிவிடும். உப்பையும் 7 கிராமாவது ஆக்குங்கள். உப்பு ருசிக்கு மட்டும் இல்லை, ஈஸ்ட்டின் வேகத்தை அடக்குவதும் அதுதான்.

ரொட்டிப்பிரியன்:
ஈஸ்ட் பற்றி அடுப்படி சொன்னது சரி. ஆனால் தண்ணீர் விஷயத்தை அப்படி அடித்துச் சொல்ல முடியாது, மாவுக்கு மாவு மாறும். பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள், அந்த நேரத்தில் திறந்தால் ஒன்றும் ஆகாது. மாவு ஓரத்தில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும், தொட்டால் லேசாக ஒட்டலாம். அடியில் குழைந்து கிடந்தால் ஒரு ஸ்பூன் மாவு, உருண்டை விறைத்துப்போய் மெஷின் முனகினால் ஒரு ஸ்பூன் தண்ணீர். இன்னொன்று, பேக்கிங் தொடங்கும் முன்பே மேல்பக்கம் தட்டையாகிவிட்டதா, சுடும்போதுதான் விழுகிறதா என்று கவனியுங்கள். முன்பே என்றால் புளிப்பு அதிகம், சுடும்போது என்றால் தண்ணீரையும் சந்தேகப்படலாம்.

மதுரைவாசி:
ரொம்ப நன்றி. பேக்கிங் தொடங்கும் முன்பே தட்டையாகத்தான் இருந்தது, அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் டைமர் வைத்துக் காலையில் எடுக்கலாமா?

அடுப்படி:
வெயில் காலத்தில் டைமர் வேண்டாம், பால் சேர்த்தால் நிச்சயமாக வேண்டாம். முழுக்கோதுமை புரோகிராம் பெரும்பாலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், மாவை எழும்ப விடும் நேரமும் அதில் அதிகம், அந்த நேரம் நம் ஊர் வெக்கைக்குப் போட்டதில்லை. நான் கோடையில் செய்வது இதுதான்: மாவு பிசையும் புரோகிராமை மட்டும் போட்டு, மாவு இரண்டு மடங்கு ஆவதற்குக் கொஞ்சம் முன்பாகவே நிறுத்தி, காற்றை அமுக்கி எடுத்து, பிசையும் துடுப்பைக் கழற்றிவிட்டு அதே பாத்திரத்தில் மறுபடி எழும்ப விடுவேன். பாத்திரத்தின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்ததும் பேக் மட்டும் அழுத்திவிடுவேன்.

ரொட்டிப்பிரியன்:
வெந்ததும் உடனே பாத்திரத்திலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஆவி தங்கி ஓரமெல்லாம் நமத்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கனமாக இருந்தால் 400 கிராமில் 100 கிராம் மைதாவாக மாற்றிப் பாருங்கள், தவிடு குறைந்தால் மாவு இழுபடும் பலம் கூடும். மைதாவே வேண்டாம் என்றால் கடையில் கோதுமை குளூட்டன் பொடி கிடைக்கும், 2 டேபிள்ஸ்பூன் போதும், அதற்கேற்பத் தண்ணீர் கொஞ்சம் கூட்டுங்கள்.