கார்ப்பெட் கிளீனிங் தொழில்: பெரிய மெஷினா, பயிற்சியா, எது முதலில்?

கேள்வி:
இத்தனை நாள் ஹவுஸ்கீப்பிங் வேலை. இப்போது வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலைத் தனியாகத் தொடங்கப் போகிறேன். கையில் இருக்கும் முதலீட்டுப் பணம் அளவானது. வேனில் பொருத்தும் மெஷின்தான் வேண்டும் என்கிறார் ஒருவர், வீட்டுக்குள் கொண்டுபோகும் போர்ட்டபிளே போதும் என்கிறார் இன்னொருவர். பயிற்சி அவசியமா, செய்யச் செய்ய வந்துவிடுமா?

பதில் 1:
போர்ட்டபிள் வாங்குங்கள். மாடிக்கு வேனிலிருந்து ஹோஸ் இழுப்பது பெரும்பாடு. இந்த மெஷின் வெந்நீரைத் தெளித்து, அழுக்கோடு திரும்ப உறிஞ்சும். கடையில் எல்லோரும் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் உறிஞ்சும் திறனைக் கேளுங்கள். வெந்நீரைத் தெளிப்பது யாருக்கும் வரும், அதைத் திரும்ப எடுப்பதில்தான் தொழில் இருக்கிறது. ஈரம் தங்கினால் நாற்றம் வரும். அடிப்பக்கம் சணலாக இருந்தால் காயும்போது பழுப்பு நிறம் மேலே ஏறிவிடும். அதனால் தெளித்து உறிஞ்சிய இடத்தில், தெளிக்காமல் மறுபடி இரண்டு தடவை உறிஞ்சி எடுங்கள். தரையை ஒட்டிக் காற்றடிக்கும் ஃபேனும் முதல் நாளே வேண்டும்.

நல்ல வாக்குவம் கிளீனரும் வாங்குங்கள். காய்ந்த மண்ணை எடுக்காமல் நனைத்தால் சேறுதான் மிஞ்சும்.

பயிற்சியைத் தள்ளிப்போடவே போடாதீர்கள். மெஷின் கெட்டால் பழுது பார்க்கலாம், வாடிக்கையாளரின் கம்பளி விரிப்பு கெட்டால் என்ன செய்வீர்கள்? நைலான் தாங்கும் காரக் கரைசல் கம்பளிக்கு ஆகாது, சாயம் இளகும், இழையும் பாழாகும். ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்து வெளியே வைத்து எரித்துப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான உருண்டையாகும். ஐ.ஐ.சி.ஆர்.சி. என்று, சுத்தம் செய்யும் தொழிலில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் தரும், 1972-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. அவர்களின் கார்ப்பெட் கிளீனிங் டெக்னீஷியன் வகுப்பில் இதையெல்லாம் முறையாகச் சொல்லித் தருவார்கள்.

பதில் 2:
அலுவலகங்களில் காய்வதற்கு நேரம் தரமாட்டார்கள். அழுக்கைச் சுற்றிப் பிடித்துப் பொடியாக உலரும் ரசாயனம் இருக்கிறது, என்கேப்சுலேஷன் என்பார்கள். தண்ணீர் குறைவாகத்தான் செலவாகும். உலர்ந்ததும் வாக்குவம் போட்டால் சரி.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழைய மெஷின் வாங்கலாமா?

பதில் 1:
வாங்கலாம், ஓட்டிப் பார்த்துத்தான். வாக்குவம் மோட்டாரில் கீச்சென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கும். கழிவுத் தொட்டியின் மூடி ரப்பரைத் தடவிப் பாருங்கள், வெடித்திருந்தால் உறிஞ்சாது. ஹீட்டர் சூடாகும் வரை அங்கேயே நில்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்துகிறார் என்றால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.